சம்பந்தியைச் சாய்ப்பது எப்படி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை இரண்டாம் பந்திக்குக் காத்திருக்கச் சொன்னது சமையல்காரரின் ஆள். அதைக் கேட்க வந்த சம்பந்தியிடம் குரலை உயர்த்தியது நான். அவரும் லேசுப்பட்டவரில்லை. சாப்பிடாமலே வண்டியேறிவிட்டார். அதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

இப்போது மகளுக்கு வளைகாப்பு. காரிமங்கலத்தில் அவர் வீட்டில் வளையல் போட்டதும், பிரசவத்துக்கு மொரப்பூருக்கு அழைத்து வரவேண்டும். மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அங்க வந்து சத்தம் போடறதா இருந்தா நீங்க வூட்லயே இருங்க. நா போயி புள்ளைய கூட்டியாறேன்." என் பெண்ணை நான் கூட்டி வராமல் வேறு யார் கூட்டி வருவது என்று கத்தினேன். கத்தி முடித்ததும், அவள் பயந்தது சரிதான் என்று எனக்கே விளங்கியது.

தர்மபுரியில் ஒரு மாடியில் அய்கிடோ வகுப்பு நடப்பதாகவும், ஜப்பான்காரர்களின் அந்த வித்தையில் மனசு அடங்கும் என்றும் சொன்னார்கள். போனேன். அங்கே ரப்பர் பாயில், வெள்ளை உடுப்பில், தொப்பையை எக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார் என் சம்பந்தி. அவரையும் அவர் மனைவிதான் அனுப்பியிருந்தார்.

சொல்லித் தரும் பெண்ணுக்கு எங்கள் கதை தெரியாது. ஒரே வயசு என்று ஜோடி சேர்த்துவிட்டார். ஒருவர் மணிக்கட்டைப் பிடிக்கவேண்டும். மற்றவர் முரண்டு பிடிக்காமல், பிடித்தவரின் வேகத்தோடேயே திரும்பி அவரைச் சாய்க்கவேண்டும்.

பேச்சில்லை என்றாலும் பெண் கொடுத்த இடம். சம்பந்தியைத் தரையில் சாய்ப்பது எந்த ஊர் முறை? அவருக்கு அந்தச் சங்கடம் வரக்கூடாதென்று, அவர் மணிக்கட்டில் விரல் பட்டதுமே நானாக விழுந்தேன். அவர் என்னைப் பிடிக்கும் முறை வந்தது. அவரும் நல்ல இடமாகப் பார்த்துப் படுத்தார்.

"சார், அவர் இன்னும் திரும்பவே இல்லைங்களே," என்றார் அந்தப் பெண்.

"பரவால்லைங்க," என்றார் சம்பந்தி, படுத்தபடியே.

வாராவாரம் இப்படியே மாறி மாறி விழுந்தோம். மனசு அடங்கியதாகத் தெரியவில்லை. முதுகுதான் வலித்தது.

வளைகாப்பன்று வளையல் போட்டு முடித்துச் சாப்பிடப் போனால், பந்தி நிறைந்திருந்தது. பரிமாற வந்த ஆள், "நீங்க ரெண்டாம் பந்தியில உக்காந்துக்கங்க," என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூச்சை அடிவயிற்றில் நிறுத்தச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அடிவயிறு எங்கே இருக்கிறதென்றே அப்போது தெரியவில்லை. கை நிறைய வளையலோடு மகள் என்னையே பார்த்தாள். அவள் முகம் வாடியதைக் கண்டு எனக்குப் பயமாகிவிட்டது. ஆனாலும் வாய் திறந்துகொண்டது.

அதற்குள் சம்பந்தி தன் இலையை விட்டு எழுந்து வந்து என் முன்னால் மணிக்கட்டை நீட்டினார்.

"புடிங்க சம்பந்தி," என்றார்.

பழக்கதோஷம், பிடித்துவிட்டேன். விழுவதற்கு இடமும் பார்த்தேன். அவர் விழ விடவில்லை. முதல் தடவையாக, சொல்லிக் கொடுத்தபடி ஒழுங்காகத் திரும்பினார். கூடவே நானும் சுற்றிப் போய், அவர் எழுந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். எதிரே தண்ணீர் தெளித்த இலை, இன்னும் எதுவும் பரிமாறவில்லை. அவர் மனைவியும் எழுந்து என் மனைவிக்கு இடம் விட்டார்.

"நா வூட்டுக்காரன், ரெண்டாம் பந்தியில சாப்புட்டுக்கறேன். நீங்க சாப்புடுங்க."

வலது கையால் சாப்பிட்டேன். இடது கை அவர் மணிக்கட்டை விடவேயில்லை. அவரும் கையை இழுத்துக்கொள்ளாமல் பக்கத்திலேயே நின்றார். மகள் சிரித்துவிட்டாள்.

சாம்பாரில் உப்பு கம்மி. நான் சொல்லவில்லை.