புளி போட்டுத் துலக்கிய ஏழு கெண்டிகள்

போன சனிக்கிழமை என் வீட்டில் ஏழு சாவு. கொலைகாரன் அடியேன்தான்!

பதறாதீர்கள். செத்தவை சீன மண் கெண்டிகள். தேயிலை ஊற வைக்கிற, கைக்குள் அடங்குகிற, பழங்காலத்துக் கெண்டிகள். மலாயாவில், ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்கு எதற்கு இந்தப் பைத்தியம் என்கிறீர்களா? மற்றக் கிராணிமார் சீட்டாடுகிறார்கள். நான் கெண்டி சேர்க்கிறேன். கண்ணாடி அலமாரியில் அடுக்கி, வருகிறவர்களையெல்லாம் பிடித்து உட்கார வைத்துக் காட்டி... இப்போது என் வீட்டுப் பக்கம் யாருமே வருவதில்லை!

ரெங்கம் கடைத்தெருவில் மளிகைக்கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் ஒரு கெண்டி இருந்தது. அவருடைய தாத்தா சீனாவிலிருந்து கப்பலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது. ஈரல் நிறம். இரண்டு வருஷமாக அதையே சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் மனிதர் இளகினார்.

"எம் மவன் காப்பி குடிக்கிறான். இதைத் தொடவே மாட்டேங்கிறான்" என்றார் மலாயில், மகன் ஜெயிலுக்குப் போனதைச் சொல்வதுபோல. "விக்க மாட்டேன் கிராணி. ஒழுங்கா வச்சுக்கிறவங்க கையில சும்மாவே குடுப்பேன். ஞாயித்துக்கிழமை வரேன். மத்ததையெல்லாம் நீ எப்படி வச்சிருக்கேன்னு பார்க்கணும் லா."

விடுவேனா? சனிக்கிழமை முழுக்கக் கிணற்றடியில் குந்தி, புளியும் சாம்பலும் போட்டு, ஏழையும் உள்ளும் புறமும் தேய் தேய் என்று தேய்த்தேன். உள்ளே அப்பியிருந்த கறை மொத்தமும் போயே போச்சு.

"ஏங்க, உள்ளே எதுக்குங்க தேய்க்கிறீங்க? தேத்தண்ணியில புளி வாடைல்ல அடிக்கும்?" என்றாள் என் மனைவி மங்களம்.

"உனக்கு என்ன தெரியும்? போய் வேலையப் பாரு!"

தவுக்கே வந்தார். ஒரு கெண்டியின் மூடியைத் திறந்தார். முகர்ந்தார். அடுத்தது... அடுத்தது... ஏழாவதைக் கீழே வைத்தபோது மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது.

"சுடா மாத்தி" என்றார். செத்துப் போச்சாம்! "தினம் தினம் தேயிலை ஊறி, எத்தனையோ வருஷமாப் பிடிச்ச கறை அது. அதுலதான் ருசியே இருக்கு. நாங்க வெந்நீர் மட்டும்தான் ஊத்தி அலசுவோம். அலமாக்! நீ குளிப்பாட்டிட்டியே!"

கையோடு கொண்டுவந்திருந்த தாத்தாவின் கெண்டியை மறுபடி துணியில் சுற்றினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது — வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அந்த நேரம் பார்த்து மங்களம் அவருக்குத் தேத்தண்ணி ஊற்ற வந்தாள். கையில், மூக்கு நுனி உடைந்ததென்று நான் அலமாரியில் சேர்க்காமல் தள்ளிய கெண்டி. இரண்டு வருஷமாக அடுப்படியில் அதில்தான் அவளுக்குத் தேத்தண்ணி.

தவுக்கே ஒரு வாய் குடித்தார். நிமிர்ந்தார். மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே கன்னங்கரேலென்று கறை!

"இதைத் தேய்க்கிறதில்லையா?"

"வெந்நீர் ஊத்தி அலசுவேன், அவ்ளோதான். ஒரு தடவை புளி போட்டுட்டு நாலு நாள் குடிக்க முடியல" என்றாள் தன் கடைத்தெரு மலாயில்.

நான் அந்த ஏழில் ஒன்றிலாவது ஒரு வாய் குடித்திருக்கிறேனா? கிடையாது. பூட்டி வைத்து அழகு பார்க்கிற ஆசாமிகள் எல்லாருமே இப்படித்தான் போலிருக்கிறது. சாமானைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவோம். அது எதற்கு என்பதை மறந்துவிடுவோம்.

தாத்தாவின் கெண்டி இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. தவுக்கே அதை மங்களத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தொட வேண்டுமென்றால் நான் அவளிடம் கேட்க வேண்டும். நேற்றுக் கேட்டேன்...

"முதல்ல கையக் காட்டுங்க, புளி இருக்கான்னு பாக்கணும்" என்றாள்!