ஒரு கோர்ட்டுக்கு இருவர் மட்டும்

பூப்பந்து மண்டபத்துக் கவுண்டர் என்பது ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்களை ஏழே காலுக்கும் கெஞ்சிக்கொண்டிருக்கிற இடம். கவுண்டரில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாட்டில் மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்து, மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் எங்கள் மண்டபம் மறுபடி திறந்தபோதோ, கெஞ்ச ஆள் வந்தாலே போதும் என்றிருந்தது எனக்கு.

நெற்றியும் பெயரும்

வருகிறவர்களின் நெற்றியில் சூடு பார்த்து, பெயர் எழுதிக்கொண்ட பிறகே உள்ளே விட வேண்டும். முதல் மாலையே பச்சையம்மா வந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கொரோனா கண்டு ஒரு மாதம் ஈப்போ ஆஸ்பத்திரியில் பிராணவாயுக் குழாயோடு கிடந்தவள். வாசலில் மூன்றே படி. இரண்டாவதில் நின்று மூச்சு வாங்கினாள். காய்ச்சல் இல்லை, ஆனாலும் என் பேனா தயங்கியது. அவள் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். விடியுமுன் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நின்று, பால் மரம் வெட்டப் போனவள்.

"எழுதுங்க அக்கா. பெரட்டுக்கு நின்ன காலு இது. பேரைக் கூப்பிட்டா வந்து நிக்கும்லா."

வலைக்கு அந்தப் பக்கம்

இரட்டையர் ஆட்டத்துக்கு அனுமதி இல்லை. கோர்ட்டுக்கு இருவர், ஆளுக்கொரு பக்கம். பச்சையம்மாவும் கோமளாவும் ரப்பர் மரங்களுக்கு இடையே வலை கட்டி ஆடிய காலத்திலிருந்தே ஜோடி. அன்றும் பழக்கதோஷத்தில் இருவரும் ஒரே பக்கம் போய் நின்றுகொண்டு, காலியாகக் கிடந்த எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் போய்ப் பிரித்துவிட்டேன். அந்தப் பாவம் என்னோடு இருக்கட்டும். கோமளா வலைக்கடியில் குனிந்து அந்தப் பக்கம் போனாள்.

"முப்பது வருசமா இவ முதுகுதான் அக்கா எனக்குத் தெரியும். மூஞ்சியப் பாத்து எப்படி அடிக்கிறது?"

ஊட்டல்

அவள் அடிக்கவும் இல்லை. இரண்டு வாரம் பந்தைப் பூப்போலத் தூக்கி, தோழியின் மட்டைக்கு நேரே இறக்கினாள். நாலு தட்டுக்குள் பச்சையம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவாள். நுரையீரல் தேற நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். கோமளாவின் கருணையை மெச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அசடுபோல. ஒருநாள் பச்சையம்மா வந்த பந்தைக் கையால் பிடித்து வைத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில நர்ஸே கஞ்சியக் கையில குடுத்து, நீயே குடின்னாங்க. நீ என்னடி ஊட்டி விடுற?"

அடி

மறுவாரம் கோமளா நிஜமாகவே அடித்தாள். முதல் பந்து காலடியில் விழுந்தது. இரண்டாவது தோளை உரசிப் போனது. அடுத்தடுத்து விழுந்தன, நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பிறகு ஒன்றுக்குப் பச்சையம்மா ஓடினாள். ஆமாம், ஓடினாள். மட்டை நுனியில் அது பட்டு, வலையைத் தொட்டு, எதிர்ப்பக்கம் சொட்டென்று விழுந்தது. அந்த ஒரு புள்ளிதான். ஆட்டம் தோற்று, நெஞ்சு ஏறி இறங்கத் தரையில் உட்கார்ந்துவிட்டவளிடம் கோமளா அழுதுகொண்டே ஓடிவந்தாள். நான் தண்ணீரோடு போனேன். பச்சையம்மா ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் தோழியின் பக்கம் திரும்பினாள்.

"அழாதடி. இன்னிக்குத்தான் நீ என்னை ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கூட்டியாந்திருக்க."

இரட்டையர் ஆட்டத்துக்கு எப்போதோ அனுமதி வந்துவிட்டது, ஆனால் இந்த இருவரும் வாரம் ஒருநாள் எதிரெதிரே நின்று கொஞ்சமும் ஈவிரக்கமில்லாமல் அடித்துக்கொள்வதைப் பார்ப்பதற்காகவே நான் இன்னும் இந்த உத்தியோகத்தை விடாமல் இருக்கிறேன்.