ஊட்டிக்கும் ஊட்டுக்கும்

கிளியூரில் எங்கள் வீட்டு முகக்கண்ணாடிச் சட்டத்தில் ஒரு பட அட்டை இன்னும் செருகியிருக்கிறது. ஊட்டிப் பூங்காவின் படம். வட்ட வட்டமாகப் பூப்பாத்திகள், ஓரத்தில் தொப்பி போட்ட சுற்றுலாக்காரர்கள். பின்பக்கம் அப்பாவின் கையெழுத்தில், ‘கண்ணுக்கு, ஊட்டியிலிருந்து அப்பா.’ தபால்தலை கிடையாது. வரும்போது கையிலேயே கொண்டுவந்தார். அதிலும் எனக்கு ஒரு பெருமை.

அப்பா காபி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினார். முதலாளிக்கு ஊட்டியிலும் தோட்டம் இருக்கிறது, மாதத்தில் பாதி நாள் அப்பா அங்கே வண்டி ஓட்டப் போகிறார் என்று அம்மா சொல்வாள். அவர்களுக்கு நான் ஒரே பிள்ளை. நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய, படமே கையில் இருக்கிறதே.

ஒருநாள் பள்ளிக்கூடம் போகும்போது பஸ் கண்டக்டர் கேட்டார். “ஏஞ் சாமி, அப்பனக் காணோம்? ஊட்டுக்குப் போயிட்டாராக்கும்?”

எங்கள் பக்கம் வீட்டை ஊடு என்போம். இந்த மனுஷனுக்கு ஊட்டி என்று சொல்ல வாய் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் திருத்தினேன். “ஊட்டுக்கு இல்லீங்க, ஊட்டிக்கு.” பையிலிருந்து அட்டையை எடுத்தும் காட்டினேன். பஸ்ஸே சிரித்தது. வாழவந்தியில் ஏறிய பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். கண்டக்டரைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

போன மாதம் அப்பா இறந்தார். ஆண்பிள்ளை இல்லாத வீடு, கொள்ளி வைக்க என் கணவரைத் தயாராக இருக்கச் சொல்லியிருந்தேன். அப்போது மஞ்சக்குட்டையிலிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவனுக்கு அப்பாவின் மூக்கு, அப்பாவின் சாய்ந்த நடை. பெரியப்பா கொள்ளிச்சட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். யார் நீ என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

நான்தான் கேட்டேன். “யாருங்க பெரியப்பா அது?”

“உனக்கு மூத்தவன் கண்ணு. மஞ்சக்குட்டை ஊட்டுப் பையன். மொதக் கண்ணாலத்துப் பையன்.”

ஆக, கண்டக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அப்பா ஊட்டுக்குத்தான் போயிருக்கிறார். ஜீப்பில் ஏறினால் வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் வந்துவிடும் ஊர். அதுதான் வீடு என்றால் எங்களுடையது என்ன? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

காரியமெல்லாம் முடிந்ததும் அட்டையை அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினேன். “காதுல பூச் சுத்துனது போதாதுன்னு பூவப் படமாவும் புடிச்சுக் குடுத்தாராக்கும் உன் புருஷன்?”

அம்மா தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “அந்த மனுசனத் திட்டாத. அட்டைய வாங்கியாந்தது நாந்தான். ஏரிக்கரைக் கடையில எல்லா ஊருப் படமும் தொங்குமே. நீ நொம்பக் கேட்டுக்கிட்டே இருந்த. எழுதுங்கன்னேன், எழுதுனாரு. அவருக்கு ஊட்டி எந்தத் தெசையின்னே தெரியாது.”

என் கையிலிருந்து அதை வாங்கி, பழையபடி கண்ணாடிச் சட்டத்தில் செருகினாள்.

அப்பா ஏமாற்றியதைக்கூட என்றாவது ஒருநாள் மறந்துவிடுவேன். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்களே, அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஓடிவந்து அதை அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அவளும் சிரித்தாள்.