செவுளைத் தூக்கிக் காட்டும் கை

சங்கரா மீனின் செவுளைக் கட்டைவிரலால் தூக்கி, உள்ளே சிவப்பாக இருப்பதை என் முகத்துக்கு நேரே காட்டுவார் மீன்கார அக்கா. "பாத்துக்கடி, புதுசா பழசா? அப்பறம் வூட்டுக்குப் போயி என்னைத் திட்டாத." தவளக்குப்பம் முனையில், பாகூர் பஸ்ஸுக்கு நான் நிற்கும் இடத்தருகே அவர் கடை. கடை என்றால் ஒரு பலகை, ஒரு அரிவாள்மணை, ஒரு குடை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் நாளெல்லாம் வாய் மூடி வேலை செய்துவிட்டு வரும் எனக்கு, அவரோடு வம்படித்தால்தான் சாயங்காலம் சாயங்காலமாக இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் அந்தக் கையெல்லாம் கொப்புளம். உடைந்து தோல் உரிந்தது. ஒட்டிக்கொள்ளும் நோயில்லை; ரத்தத்தில் இருந்து உடம்பைக் காக்க வேண்டிய பி வெள்ளை அணுக்களே அவர் தோலைப் பகையாக நினைத்துவிட்ட நோய். இதை யாரிடம் போய் விளக்குவது? அந்தக் கை தொட்ட மீனை யார் வாங்குவார்கள்? பலகையில் மீன் அப்படியே கிடந்தது. நான்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "மூஞ்சி எப்படிப் போனா இன்னாடி, எனக்குக் கை வேணும்" என்று வழியெல்லாம் புலம்பினார்.

பி அணுக்களைக் கூண்டோடு அழிக்கும் மருந்தை ஏற்றினார்கள். புண் ஆறி அக்கா பலகைக்குத் திரும்பினார். ஆனால் அணுக்கள் மறுபடி முளைக்கும், கூடவே நோயும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவ்வப்போது அவர் ரத்தம் என் மேஜைக்கு வரும். அணுவின் மேற்பரப்பில் அடையாளங்கள் உண்டு, எண் போட்டு அழைப்போம். சிடி பத்தொன்பது இருந்தால் அது பி அணு. அதோடு சிடி இருபத்தேழும் இருந்தால், பழைய சண்டையை மறக்காத அணு; நோயைத் திருப்பிக் கொண்டுவரக்கூடியது. அது இல்லையென்றால் பெரும்பாலும் சண்டையே பார்க்காத புதுசு. ஒளிரும் சாயமேற்றி மெஷினில் ஓடவிட்டால் திரையில் புள்ளிகளாக விழும்.

பல மாதம் திரை காலியாகவே இருந்தது. ஒருநாள் பத்தொன்பது விழுந்தது. அணுக்கள் மறுபடி முளைத்துவிட்டன. இருபத்தேழின் கட்டத்தைப் பார்த்தேன், ஏறக்குறைய ஒன்றுமேயில்லை. டாக்டரும் பார்த்து, இப்போதைக்குப் பயமில்லை என்ற பிறகுதான் வராந்தாவுக்கு ஓடினேன். அக்கா முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடி, வந்துடுச்சா?"

"வந்துடுச்சுக்கா. ஆனா எல்லாம் புதுசு."

"செவுளத் தூக்கிப் பாத்தியா?"

"பாத்துட்டேன்க்கா."

சிரிக்க ஆரம்பித்தவர் அப்படியே அழுதார். நானும்தான். யூனிபார்மோடு நின்று அழுததை ஆஸ்பத்திரியே பார்த்தது, பார்க்கட்டுமே.

இப்போது அக்கா வெளியூரில் மகள் வீட்டில். அவருடைய இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். நான் வாங்கும் மீன் தலை வெட்டி, டப்பாவில் அடைத்து வருகிறது. "தலை எங்கப்பா?" என்று கேட்டால் கடைப் பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறான். அக்கா இல்லாத அந்த முனையில் பஸ்ஸுக்கு நிற்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

போன வாரம் அந்த ஊரில் அவருக்குப் பரிசோதனை. முடிவு என்னவென்று கேட்க வீடியோ காலில் கூப்பிட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்பே ஒரு முழு சங்கராவை போனுக்கு நேரே பிடித்தார். கொப்புளமில்லாத கட்டைவிரல் செவுளைத் தூக்கியது. உள்ளே நல்ல சிவப்பு.

"பாத்துக்கடி."