கூட வந்தவர்கள்

குடல்வால் ஆபரேஷன் முடிந்த பதினெட்டாம் நாள், தையல் போட்ட இடத்தில் ஈரம் கசிந்தது.

ஒரு மாதம் தேயிலை மலைக்கு வேலைக்குப் போகக்கூடாது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். நான்தான் கேட்கவில்லை. அம்மாவும் தம்பியும் அந்த வருஷம்தான் இந்தியாவுக்குக் கப்பலேறியிருந்தார்கள். வரமாட்டேன் என்று அடம்பிடித்து நின்றவள் நான். காலையில் எல்லோரும் வேலைக்குப் பேர்கொடுக்கப் பெரட்டுக்குப் போனபின் லயத்து வீடுகளில் ஆள் சத்தமே இருக்காது. அந்த அமைதிக்குப் பயந்தே கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனேன். மற்றப் பெண்களைப் போலவே படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக் கயிற்றால் இறுக்கினேன். கயிறு நேரே தையலின் மேல் விழுந்தது. அது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

தலவாக்கலையில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உட்காரப் போட்டிருந்த வாங்குகள் நிரம்பியிருந்தன. தோட்டத்து மருந்துக்காரர் எழுதித் தந்த துண்டை வாங்கிய அட்டெண்டன், "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டார்.

"பின்னால வர்றாங்க" என்றேன். யாருமில்லாதவள் என்று சொல்ல ரோஷம் விடவில்லை.

பக்கத்தில் ஓர் அம்மா. அவருடைய மகள் போத்தலிலிருந்து பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் கதையைக் கேட்டுவிட்டு அந்த அம்மா, "உள்ளுக்குப் பழுத்திருந்தா வார்டுல போட்டு மறுபடி அறுப்பாங்க தங்கச்சி" என்றார். நல்ல ஆறுதல். வார்டில் மட்டும் போடக்கூடாது தாயே என்று மாரியம்மனிடம் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். தாகம் எடுத்தது. எழுந்து போனால் இடத்தைப் பிடித்து வைக்க ஆளில்லை. மத்தியானம் தாண்டியது. வெளியே மழை பெய்து வெறித்தது. அந்த அம்மாவும் மகளும் மருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதுவரை அவர்களைப் பார்த்து எரிச்சல்பட்டவள், அவர்கள் போன பிறகு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கூப்பிட்டார்கள். சிங்கள டாக்டர், தமிழ் கொஞ்சம் பேசுவார். அழுத்திப் பார்த்தார்.

"பயமில்லை. கயிறு உரசின புண். வெட்டத் தேவையில்லை."

போன உயிர் திரும்பி வந்தது.

"ஒரு மாசம் படுத்திருக்கணும். தினம் மருந்து வச்சுக் கட்டணும், அதுக்கு வேற ஒரு ஆள் வேணும். கூட வந்த ஆளக் கூப்பிடு, காட்டுறேன்."

நான் கதவைப் பார்த்தேன். டாக்டரும் பார்த்தார். அட்டெண்டன் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"யாரும் வரலீங்க ஐயா" என்றேன். "என்னைய வார்டுலயே போட்டுருங்க."