பிரேக்கில் தங்கிய காற்று

கத்தாருக்குப் புறப்பட ஒரு கிழமைகூட இல்லாத நேரத்தில் எங்கள் பைக்கின் முன் சில்லு சுழலாமல் இறுகத் தொடங்கியது. பிரேக்கைத் தொடாமல் ஓட்டினாலும் டிஸ்க்கில் கைவைக்க முடியாத சூடு. நான் போன பிறகு அந்தப் பைக்கில்தான் மனைவி கடுகண்ணாவை மலை இறக்கத்தைத் தாண்டி முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போகவேண்டும். கராஜில் அடுத்த கிழமைதான் முடியும் என்றார்கள். பெட்டி அடுக்குவதிலும் மனம் நிற்கவில்லை. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பரை முற்றத்திலேயே கழற்றினேன்.

உள்ளே பிஸ்டன் அழுக்கேறி இறுகிக் கிடந்தது. பிரேக் லீவரை அமுக்கி அமுக்கி அதை வெளியே தள்ளினேன். பிரேக் ஒயில் நான் உடுத்திருந்த சாரத்தில் கொட்டியது. பிஸ்டனைத் துடைத்து, புது ரப்பர் சீல் போட்டு, எல்லாவற்றையும் திருப்பிப் பூட்டி, புது ஒயில் ஊற்றினேன். லீவரோ பஞ்சுபோல அமுங்கியது. ஒயில் குழாயில் காற்று புகுந்திருந்தது.

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் லீவரை அமுக்கிப் பிடிக்க, மற்றவர் கலிப்பரில் உள்ள சின்னத் திருகைத் திறந்து, ஒயிலோடு காற்று வெளியேறியதும் மூடவேண்டும். மூடிய பிறகே லீவரை விடலாம். மனைவியைக் கூப்பிட்டேன். நான் வெளிநாடு போவதில் அவளுக்கு விருப்பமில்லை. இரண்டு நாளாகப் பேச்சுக் குறைவு. ஆனாலும் வந்து லீவரைப் பிடித்தாள்.

நான் சொதப்பினேன். விசா, அங்கே தங்குமிடம், மழையில் இவள் அந்த வளைவுகளில் தனியாக என்று நினைவு ஓட, மூடுவதற்கு முன்பே "விடு" என்றுவிட்டேன். காற்று திரும்பவும் உள்ளே போனது. இரண்டாம் முறையும் அதே கதை.

"எந்திரிங்க," என்றாள். "நீங்க லீவரைப் புடிங்க. நீங்க போனப்புறம் நான்தானே பாக்கணும்."

ஸ்பேனர் அவள் கைக்குப் போனது. அமுக்குங்க, பிடிங்க, விடுங்க என்று அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். கொஞ்ச நேரத்தில் லீவர் கல்லாக நின்றது.

வீட்டு முன் ஒழுங்கையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். தேநீர் ஆறியது. மழை பிடித்தது. அழைத்தால் அவள் ஃபோனை எடுக்கவில்லை. கேற்றுக்கும் வாசலுக்கும் நடந்தேன். ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் தெருவை எட்டிப் பார்த்தேன். கலிப்பரின் போல்ட்டுகளை இறுக்கினேனா என்று விரல்களைக் கேட்டால் அவற்றுக்கும் தெரியவில்லை.

நனைந்தபடி வந்து இறங்கினாள்.

"இந்த ஒழுங்கையில புடிச்சுப் பாத்து என்ன பிரயோசனம்? கடுகண்ணாவை இறக்கத்துக்கே போய்ப் பாத்தேன். நல்லா நிக்குது."

எனக்குக் கோபமா நிம்மதியா என்று தெரியவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குந்தினேன். போல்ட்டுகள் இறுக்கமாகத்தான் இருந்தன. அவள் தலையைத் துவட்டிக்கொண்டே, எத்தனை மணிக்கு விமான நிலையத்தில் நிற்கவேண்டும் என்று முதன்முறையாகக் கேட்டாள்.

இப்போது தோகாவில் இருக்கிறேன். போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவை லீவர் பிடிக்க வைத்து அவளே பிரேக் ஒயிலை மாற்றினாளாம். வேலை முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னாள்.