ஸ்கேலுக்கு அடியில் ஒரு வெள்ளைக் கட்டம்

குடிநீர்க் குழாய்ப் பராமரிப்பு அலுவலகத்தில் அவளுக்கு 'ஷீட் மேடம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பிழைத்திருந்தது. கம்ப்யூட்டரில் இருக்கும் இடமாறுதல் ஷீட்டைப் பார்த்துக்கொள்வது அவள்தான். நாற்பத்திரண்டு ஊழியர்கள், ஆளுக்கு ஒரு வரி. வெளியூரில் எத்தனை வருடம் கிடந்தாரோ அத்தனை புள்ளி. நீண்ட விடுப்பு எடுத்திருந்தால் அதில் கழியும். வருடத்துக்கு ஒருமுறை, யாருக்குப் புள்ளி அதிகமோ அந்த ஒருவர் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு மாறிப் போகலாம்.

அந்த ஊரில்தான் அவள் கணவரும் மகளும் இருந்தார்கள். கணவர் பள்ளிக்கூட ஆய்வக உதவியாளர், ஆய்வகத்தைத் தூக்கிக்கொண்டு மனைவி பின்னால் வர முடியாது. எனவே ஒரு சனி விட்டு ஒரு சனி இவள்தான் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போவாள். மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது தொடங்கிய குலுக்கல் அது.

ஷீட்டுக்குப் பூட்டும் போட்டு வைத்திருந்தாள். பாஸ்வேர்டு அவளுக்கு மட்டும்தான் தெரியும். டைப்பிஸ்ட் பெண் எட்டிப் பார்த்தால்கூட, "கைய வைக்காதே, ஃபார்முலா கலைஞ்சிடும்" என்பாள். ஃபார்முலா என்ன, கூட்டில் இருக்கும் குருவியா, கை பட்டதும் கலைந்து பறக்க? ஆனால் அலுவலகமே நம்பியது. ஃபார்முலா என்ற சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

மேடத்துக்கு இன்னொரு பெருமை, நேர்மை. தன் பெயரும் அந்த ஷீட்டில் இருப்பதால் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று, சரிபார்க்கும்போது தன் வரி மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து மறைத்துக்கொள்வாள். கம்ப்யூட்டர் திரையில் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும் ஒரே ஊழியர் உலகத்தில் அவளாகத்தான் இருக்கும். மற்ற நாற்பத்தொரு வரியிலும் ஒரு புள்ளி பிசகாது. கடைசியில் தேர்வானவர் பெயர் மட்டும் பலகையில் ஒட்டப்படும். ஏழு வருடமாக அது அவள் பெயர் இல்லை.

நேற்று வந்தவனெல்லாம் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனான். மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது எடுத்த நீண்ட விடுப்புதான் புள்ளியைத் தின்கிறது என்று முதலில் நினைத்தாள். பிறகு அதிகாரி ஏதோ உள்குத்து செய்கிறார் என்று முடிவு கட்டினாள். ஏழு வருடத்தில் மூன்று அதிகாரிகள் மாறினார்கள். மூவரையும் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வஞ்சனையில்லாமல் சபித்தாள். அதில் ஒருவருக்கு ஓய்வுக்குப் பிறகு முழங்கால் போனது, அதற்கும் இவள் கொஞ்சம் திருப்திப்பட்டாள்.

இந்த வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். ஷீட்டில் எந்தெந்தக் கட்டத்தில் ஃபார்முலா இருக்கிறதோ அதற்கெல்லாம் மஞ்சள் அடித்து, பூட்டைத் திறந்து, அன்று ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அங்கே யாருக்கோ வேலை இல்லை போலிருக்கிறது.

மேடம் அலட்சியமாக உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகத் தேட அவள் என்ன கத்துக்குட்டியா? 'ஃபைண்ட் அண்ட் செலெக்ட்' போய் 'ஃபார்முலாஸ்' என்பதை ஒரு தட்டுத் தட்டினாள். ஃபார்முலா இருந்த கட்டமெல்லாம் தானாகத் தேர்வாகி நின்றன. மஞ்சளைக் கொட்டினாள். புள்ளிப் பத்தி மேலிருந்து கீழ்வரை மஞ்சளானதுபோல் தெரிந்தது. வழக்கம்போல் ஸ்கேலை வைத்துச் சரிபார்க்கும்போது தும்மல் வந்தது. ஸ்கேல் நழுவியது.

அடியில் ஒரே ஒரு கட்டம் வெள்ளையாக இருந்தது. அவளுடையது.

அதன் மேல் கிளிக் செய்தாள். மற்றவர் கட்டங்களைத் தொட்டால், பணியேற்ற தேதியிலிருந்து வருடா வருடம் புள்ளியைத் தானே கூட்டும் ஃபார்முலா மேலே நீளமாய்த் தெரியும். இதில் மொட்டையாக ஒரு 4.

சட்டென்று எல்லாம் ஞாபகம் வந்தது. ஏழு வருடத்துக்கு முன், ஷீட்டை முதன்முதலில் தயாரித்த நாள். தன் பணியேற்ற தேதியை அவசரத்தில் தப்பும் தவறுமாக அடித்திருந்தாள், ஃபார்முலா பிழை காட்டியது. அப்போதிருந்த அதிகாரி முதுகுக்குப் பின்னால் நின்று பிரின்ட் பிரின்ட் என்று பறந்தார். நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்று விரல் விட்டு எண்ணி, இதே கையால் 4 என்று தட்டினாள். அந்த நாளைதான் இன்றைக்கு வந்திருக்கிறது. ஷீட்டில் எல்லோருக்கும் வயது ஏறியது, இவளுக்கு மட்டும் என்றும் நாலு.

தேதியைத் திருத்தி, மேல் கட்டத்து ஃபார்முலாவைக் கீழே இழுத்தாள். விடுப்பு கழிந்தும் பதினொன்று. அடுத்தவருக்கு ஏழுதான். யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை, திட்டிப் பழகிய மூவருமே நிரபராதிகள்.

அதிகாரியிடம் போய் ஒன்று விடாமல் சொன்னாள்.

"நீங்களே அடிச்சு, நீங்களே பூட்டி, நீங்களே மறைச்சும் வச்சீங்களா?" என்றார் அவர்.

"ஆமா சார்."

"நல்ல நேர்மை மேடம். பத்து பேர் சேர்ந்து சதி பண்ணாலும் இவ்வளவு கச்சிதமா வராது." அவள் நீட்டிய மாறுதல் பட்டியலைக் கையில் எடுத்தவர், பேனாவை மூடிவிட்டார். "நீங்க போயிட்டா இந்த ஷீட்ட யார் பாக்கறது? பாஸ்வேர்டச் சொல்லுங்க, அப்புறம்தான் கையெழுத்து."

டைப்பிஸ்ட் பெண் விசைப்பலகையோடு தயாராக இருந்தாள்.

"பாப்பா, மூணு, பி," என்றாள் மேடம். "பொண்ணோட கிளாஸ் சார். மூணாவது, பி செக்‌ஷன்."

"மூணாவதுதான் படிக்குதா? அவ்வளவு சின்னக் குழந்தைய விட்டுட்டா இங்க இருக்கீங்க?"

"இல்ல சார். அது பூட்டுப் போட்டப்போ. இப்போ பத்தாவது."

"பத்தாவதுல எந்த செக்‌ஷன்?"

ஏதோ பேச்சுக்குக் கேட்டார். மேடம் ஏயா, பியா, சியா என்று விரலை மடக்கிப் பார்த்தாள், தெரியவில்லை. நாற்பத்தொரு பேரின் பணியேற்ற தேதியை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவள் அவள். அதிகாரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவுக்குப் போய் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"என்னம்மா, ஆபீஸ் நேரத்துல?"

"நீ எந்த செக்‌ஷன்டீ?"

"ஏ செக்‌ஷன்மா. ஆறாவதுலேர்ந்து ஏ-தான். எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான்," என்றாள். மாறுதல் செய்தியைச் சொல்லத்தான் போன் செய்தாள், அழுகை முந்திக்கொண்டது. போனை வைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

டைப்பிஸ்ட் பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "மேடம், பழைய பூட்ட எடுத்துட்டேன். புதுசா என்ன பாஸ்வேர்டு வைக்கட்டும்?"

"ஒண்ணும் வேணாம்மா," என்றாள் மேடம். "தெறந்தே இருக்கட்டும்."